பழைய 2ஜி கீபேட் போன்: வைத்துக்கொள்வதா, மாற்றுவதா, மாற்றினால் எதற்கு?

ஊரில் இருக்கும் அப்பா, அம்மாவின் கீபேட் போனை என்ன செய்வது என்ற பேச்சு இப்போது பல வீடுகளில் ஓடுகிறது. போன் நன்றாகத்தான் இருக்கிறது. பேட்டரி நாலைந்து நாள் நிற்கிறது, டார்ச் எரிகிறது. ஆனால் கூப்பிட்டால் பாதி நேரம் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகக் குரல் வருகிறது. ரீசார்ஜ் கடையில் கேட்டால், "2ஜியெல்லாம் நிறுத்தப்போறாங்க, பேசாம 4ஜி போன் வாங்கிக்குங்க" என்று ஒரே பதில். எந்த 4ஜி போன், எந்த சிம், மாற்றினால் என்னென்ன கெடும் என்பதெல்லாம் அந்தப் பதிலில் கிடையாது.

கையில் இருக்கும் வழிகள் நான்கு. இருப்பதை அப்படியே விடுவது, ஒரே நிறுவனத்துக்குப் பூட்டிய மலிவு 4ஜி கீபேட் வாங்குவது, எந்த சிம்மும் போடக்கூடிய 4ஜி கீபேட் வாங்குவது, ஸ்மார்ட்போனுக்குப் போவது. தோட்டத்து மோட்டாரில் சிம் போட்டு ஓட்டுகிறவர்களுக்கு இதே கேள்வி வேறு மாதிரி வரும், அதைத் தனியே பார்க்கலாம். என் கட்சியை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீடுகளுக்கு மூன்றாவது வழிதான் சரி. ஆனால் கடைக்காரர் விரட்டுகிற வேகத்தில் இல்லை.

நின்றுபோனது எது?

இந்தியாவில் இதுவரை கழித்துக்கட்டப்பட்டது 2ஜி இல்லை, அதற்குப் பின்னால் வந்த 3ஜி. கேட்கிறவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். 2009 பிப்ரவரியில் பி.எஸ்.என்.எல். சென்னையில் 3ஜி தொடங்கியது. 2010இல் தனியார் நிறுவனங்களுக்கான 3ஜி ஏலம் 34 நாள் நடந்து, அரசுக்கு 67,000 கோடி ரூபாய்க்கு மேல் வந்தது. அவ்வளவு கொடுத்து வாங்கிய சேவையை ஏர்டெல் 2019இல் கொல்கத்தாவில் தொடங்கி அடுத்த ஆண்டுக்குள் நாடு முழுக்க மூடிவிட்டது. வோடபோன் ஐடியாவும் பின்னாலேயே வந்தது. ஏலத்தில் எடுத்த 2100 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை வீணாகவில்லை, அதே அலைவரிசையில் 4ஜி ஓடுகிறது. வீணானது 3ஜி போன் வாங்கியவர்களின் காசு.

மூத்ததை விட்டுவிட்டு இளையதை மூடியதற்குக் காரணம் இடம். 3ஜியின் ஒரு தடத்துக்கு 5 மெகாஹெர்ட்ஸ் தேவை. 2ஜியின் ஒரு தடம் 200 கிலோஹெர்ட்ஸ்தான். 3ஜியை எடுத்தால் 4ஜிக்கு ஒரு முழு அறை காலியாகிறது. 2ஜியோ திண்ணையில் ஒண்டிக்கொண்டு படுத்துக்கொள்ளும், அதனால் யாருக்கும் பெரிய இடைஞ்சல் இல்லை. தவிர, டேட்டாவே போடாமல் பேசுவதற்கு மட்டும் ரீசார்ஜ் செய்யும் கோடிக்கணக்கான வாடிக்கையாளர்கள் 2ஜியில் இருந்தார்கள். அவர்களை விரட்டினால் நேராக ஜியோவுக்குப் போவார்கள் என்பது ஏர்டெலுக்கும் வோடபோன் ஐடியாவுக்கும் தெரியும்.

இதில் அதிகம் அடிவாங்கியவர்கள் 2012, 2013 வாக்கில் பத்தாயிரம் கொடுத்து 3ஜி ஸ்மார்ட்போன் வாங்கியவர்கள். ஒரு நாள் காலையில் திரையின் மேல் மூலையில் 3ஜியைக் குறிக்கும் 'எச்' எழுத்து போய் 2ஜியைக் குறிக்கும் 'ஈ' வந்து உட்கார்ந்துகொண்டது. போனில் பழுது ஏதுமில்லை, வாட்ஸ்அப்பில் ஒரு படம் திறக்க ஐந்து நிமிடம் ஆனது. "உங்கள் சிம்மை 4ஜிக்கு மேம்படுத்துங்கள்" என்று குறுஞ்செய்தி வந்துகொண்டே இருக்கும். போன் 4ஜி இல்லாதபோது சிம்மை மாற்றி என்ன ஆகப்போகிறது என்பதை அந்தச் செய்தி சொல்லாது.

4ஜி என்று அட்டையில் இருந்தால் போதாது

நான்கு வழிகளையும் எடைபோடுமுன் ஒரு சங்கதியைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். 4ஜி அடிப்படையில் டேட்டாவுக்காகச் செய்யப்பட்டது. அதில் பழைய மாதிரி குரல் அழைப்புக்கென்று தனிப் பாதை இல்லை. ஆகவே 4ஜி போனில் பேச இரண்டு முறைகள் வந்தன. ஒன்று, அழைப்பு வரும்போது மட்டும் போன் 4ஜியை விட்டு இறங்கி 3ஜிக்கோ 2ஜிக்கோ போய்ப் பேசிவிட்டுத் திரும்புவது. இன்னொன்று, குரலையே டேட்டாவாக மாற்றி 4ஜி வழியாகவே அனுப்புவது. இந்த இரண்டாவது முறைதான் வோல்டி. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது அதனிடம் 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. எல்லாமே வோல்டி.

அதனால் '4ஜி' என்று அட்டையில் அச்சிட்டிருந்தும் வோல்டி இல்லாத ஒரு போன் ஜியோவில் பேசவே பேசாது. ஏர்டெலில் பேசும், ஆனால் ஒவ்வொரு அழைப்புக்கும் 2ஜிக்கு இறங்கும். 2ஜி போகிற அன்று அதன் வாயும் அடைத்துவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. அந்த போனில் டேட்டாவை ஆன் செய்துவிட்டு யாரையாவது கூப்பிட்டுப் பேசிக்கொண்டே திரையின் மேல் மூலையைப் பாருங்கள். 4ஜி என்று இருந்தது அப்படியே இருந்தால் வோல்டி வேலை செய்கிறது. 'ஈ' என்றோ '2ஜி' என்றோ மாறினால் இல்லை. சில போன்களில் வசதி இருக்கும், அமைப்புகளில் அந்த சுவிட்ச் மட்டும் அணைந்திருக்கும். வேறு சிலவற்றில் வசதி இருந்தும், உங்கள் நிறுவனம் அந்த மாடலை ஏற்றுக்கொண்டிருக்காது. வாங்குமுன் கேட்க வேண்டியது "இது 4ஜியா?" என்பதை அல்ல, "என் சிம்மில் இதுக்கு வோல்டி வருமா?" என்பதை.

ஆஸ்திரேலியாவில் இது உயிர்ப் பிரச்சினையானது. டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ் என்ற நிறுவனங்கள் 3ஜியை 2024 அக்டோபர் 28 முதல் அணைத்தன. அதற்கு முன் டெல்ஸ்ட்ராவின் தேதி இரண்டு முறை தள்ளிப்போனது. சில போன்கள் சாதாரண அழைப்புகளை 4ஜியில் அனுப்பும், ஆனால் அவசர எண்ணான மூன்று பூஜ்யத்தை அழுத்தினால் மட்டும் பழைய பழக்கத்தில் 3ஜியைத் தேடும் என்று தெரியவந்ததுதான் காரணம். கடைசியில் அப்படிப்பட்ட போன்களை வலையமைப்பிலிருந்தே தடுக்கும்படி அரசு உத்தரவிட்டது. வேலை செய்துகொண்டிருந்த போன், வைத்திருந்தவரின் நன்மைக்காகவே செல்லாக்காசானது.

அப்படியே விட்டால் என்ன?

முதல் வழியைக் கடைக்காரர்கள் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. எனக்கு அதில் மரியாதை உண்டு. வீட்டுக்குள் நாலு கம்பி சிக்னல் வருகிறது, பேசுவதும் குறுஞ்செய்தி வருவதும் மட்டுமே தேவை என்றால், நல்ல போனைத் தூக்கிப்போட எந்த நியாயமும் கிடையாது. 900 மெகாஹெர்ட்ஸில் வரும் 2ஜி, சுவரைத் துளைத்து வீட்டுக்குள் வருவதில் 2300 மெகாஹெர்ட்ஸ் 4ஜியைவிடக் கெட்டிக்காரன். தடித்த மண் சுவர் வீட்டிலும், கான்கிரீட் வீட்டின் உள் அறையிலும் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். பெரியவர்களின் விரலுக்கு அந்தப் பழைய பட்டன்கள் பழகியிருக்கின்றன. 2 என்ற எண்ணை அழுத்திப் பிடித்தால் மகன், 3 என்றால் மகள். அந்தப் பழக்கத்தைக் கலைப்பது சின்ன விஷயம் இல்லை.

செலவுதான் முன்பு போல இல்லை. மாதம் பத்து ரூபாய் டாப்-அப்பில் எண்ணை உயிரோடு வைத்திருந்த காலம் மலையேறிவிட்டது. வேண்டாத டேட்டாவுக்கும் சேர்த்து ரீசார்ஜ் செய்யவேண்டிய நிலை வந்தபோது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டு, 2024 டிசம்பரில் குரலுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் தனித் திட்டம் தரவேண்டும் என்று விதி போட்டது. அதன்படி 2025 தொடக்கத்தில் ஏர்டெலில் 84 நாளுக்கு 469 ரூபாய், ஜியோவில் 448 ரூபாய் என்று திட்டங்கள் வந்தன. நீங்கள் படிக்கும்போது விலை மாறியிருக்கலாம். இப்படி ஒரு வகை இருக்கிறது என்பதைக் கடையில் தானாகச் சொல்லமாட்டார்கள், பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

முதல் வழியின் உண்மையான பலவீனம் வேறு. 2ஜியை யாரும் அறிவித்து மூடவில்லை, மெல்ல மெல்ல மெலிய விடுகிறார்கள். அலைவரிசையில் அதற்கு ஒதுக்கிய பங்கு குறைகிறது. பண்டிகை நாள், மழை நாள், சாயங்கால நேரம் என்று கூட்டம் ஏறும்போது அழைப்பு கிடைக்காமல் போகிறது. மூடினால் ஒரு தேதியாவது இருக்கும். இது தேதியில்லாத மூடல். பெரியவர் தன் போன் கெட்டுவிட்டதாக நினைத்து அதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு அலைகிறார்.

காது கருவி போட்டிருப்பவர் என்றால் நான் உடனே மாற்றச் சொல்வேன். அழைப்பு வருவதற்கு முன் ரேடியோ பக்கத்தில் வைத்த போன் 'டிக்கிடிக் டிக்கிடிக்' என்று இரைந்தது பலருக்கு நினைவிருக்கும். 2ஜி போன் விநாடிக்கு 217 முறை விட்டுவிட்டு அலை அனுப்புவதால் வருகிற இரைச்சல் அது. அதே இரைச்சல் காது கருவிக்குள்ளும் புகும். 4ஜியில் அந்தத் தொல்லை பெருமளவு இல்லை, வோல்டியில் குரலும் தெளிவாக இருக்கும்.

பூட்டிய போனா, திறந்த போனா?

2023 ஜூலையில் ஜியோ சிம்முக்கு மட்டும் பூட்டிய 4ஜி கீபேட் போனான ஜியோபாரத் 999 ரூபாய்க்கு வந்தது. 28 நாளுக்கு 123 ரூபாய் ரீசார்ஜ், 14 ஜிபி டேட்டா. '2ஜி இல்லாத பாரதம்' என்று முழக்கம். இந்தியாவில் 25 கோடிப் பேர் இன்னும் 2ஜியில் சிக்கியிருக்கிறார்கள் என்று ஜியோவின் தலைவர் ஆகாஷ் அம்பானி அப்போது சொன்னார். சிக்கியிருக்கிறார்கள் என்பது அவர் பார்வை. அதில் பாதிப் பேரைக் கேட்டால் சௌக்கியமாக இருப்பதாகச் சொல்லக்கூடும். போட்டியாளரின் வாடிக்கையாளர் எங்கே சிக்கியிருக்கிறார் என்பது எப்போதும் விற்பவருக்குத்தான் முதலில் தெரிகிறது.

இருந்தாலும் கணக்கு கணக்குதான். மேலே சொன்ன விலைகளில், குரல் மட்டும் உள்ள ஏர்டெல் திட்டம் 28 நாளுக்கு ஏறக்குறைய 156 ரூபாய் விழுகிறது, ஜியோபாரத்தில் 123. எந்த சிம்மும் ஏற்கும் 4ஜி கீபேட் போன் சுமார் 2,000 முதல் 3,000 ரூபாய். போன் விலையையும் ரீசார்ஜையும் சேர்த்து இரண்டு வருடத்துக்குப் பார்த்தால், பூட்டிய போனில் இரண்டாயிரம் ரூபாயும் அதற்குச் சற்று மேலும் மிச்சம். முதியோர் உதவித்தொகையில் வாழும் ஒருவருக்கு அது லேசான தொகை இல்லை.

அப்படியிருந்தும் நான் திறந்த போன் பக்கம் நிற்பதற்குக் காரணம் பழைய அனுபவம். தனிப்பட்டதில்லை, ஊருக்கே பொதுவானது. 2003இல் 501 ரூபாய் கட்டி ரிலையன்ஸின் சி.டி.எம்.ஏ. என்ற வேறு வகைத் தொழில்நுட்ப போன் வாங்காத தெரு தமிழ்நாட்டில் இருந்திருக்காது. அந்த போனில் சிம்மே கிடையாது, எண் போனுக்குள்ளேயே பதிந்திருக்கும். அந்த நிறுவனம் சி.டி.எம்.ஏ.வைக் கைவிட்டு, 2017 இறுதியில் குரல் சேவையையே நிறுத்தியபோது, அந்தக் கருவிகளை வேறு யாரிடமும் கொண்டுபோக முடியவில்லை. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பெரிதாக வேரூன்றியிருந்த ஏர்செல் கவிழ்ந்தது. எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளும் குறியீடு கிடைக்காமல் கடை வாசல்களில் ஜனம் நின்றது. ஆனால் ஏர்செல் வாடிக்கையாளர் கையில் இருந்தது சிம் போடும், பூட்டாத ஜி.எஸ்.எம். போன். வேறு சிம் வாங்கிப் போட்டதும் அதே போன் பேசியது. நிறுவனங்கள் வரும், போகும், விலை ஏற்றும், டவரை இடம் மாற்றும். அப்போதெல்லாம் பின்மூடியைக் கழற்றி சிம்மை மாற்ற முடிகிறதா என்பது முக்கியம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. மலைக்கிராமமோ ஒதுக்குப்புறமோ, அங்கே ஜியோ டவர் ஒன்றுதான் என்றால் பூட்டு உங்களை எதிலிருந்தும் தடுக்கவில்லை. அந்த மலிவு போனை வாங்கிக்கொடுத்துவிட்டுப் போகலாம்.

திறந்த 4ஜி கீபேட் போனிலும் குறைகள் இருக்கின்றன. பேட்டரி 2ஜி போன் அளவுக்கு நிற்காது. வாரத்துக்கு ஒருமுறை சார்ஜ் போட்டவர் இனி இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை போடவேண்டும், ஆரம்பத்தில் மறந்துபோவார். ஆன் ஆகவே நேரம் எடுக்கும். நடுப் பட்டனைத் தெரியாமல் அழுத்தினால் ஏதாவது விளையாட்டோ செய்திப் பக்கமோ திறந்துகொண்டு திரும்ப வரத் தெரியாமல் முழிப்பார்கள். வாங்கிய அன்றே உட்கார்ந்து, தேவையற்ற குறுக்குவழிகளை நீக்கி, டேட்டாவை அணைத்துவிட்டுக் கொடுப்பது நல்லது. வோல்டி பேச டேட்டா ஆனில் இருக்க வேண்டிய அவசியம் பொதுவாக இல்லை. ஆனாலும் சில மாடல்களின் நடத்தை வேறாக இருப்பதால் அணைத்த பிறகு ஒரு அழைப்பு போட்டுப் பார்த்துவிடுங்கள்.

*99# அழுத்தி வங்கி இருப்பு பார்க்கிறவர்கள் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும். அந்தச் சேவை 2ஜியின் சமிக்ஞைப் பாதையில் பிறந்தது, 4ஜி மட்டும் உள்ள வலையமைப்பில் அது அதே மாதிரி ஓடும் என்று நம்பிவிடக் கூடாது. கீபேட் போனுக்காக ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் தொடங்கிவைத்த யூ.பி.ஐ. 123பே, குரல் அழைப்பு வழியாகவும் நடக்கும், அது மாற்றாக உதவலாம்.

ஸ்மார்ட்போன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேரன் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்று அவர்களே கேட்டால் வாங்கிக்கொடுங்கள், கூடுதலாக. கீபேடைப் பிடுங்கிக்கொண்டு தொடுதிரையைக் கையில் திணித்தால், அழைப்பை எடுக்க எந்தப் பக்கம் இழுப்பது என்று தெரியாமல் மணி அடித்து ஓய்வதுதான் நடக்கும். வீட்டில் கிடக்கும் உங்கள் பழைய 4ஜி போனைக் கொடுப்பதாக இருந்தால், மேலே சொன்ன வோல்டி சோதனையைச் செய்துவிட்டுக் கொடுங்கள்.

போனைவிடத் தொல்லை சிம்

போன் வாங்குவது பத்து நிமிட வேலை. சிம் மாற்றுவதில்தான் ஒரு நாள் போகும். பல வருடத்துக்கு முன் வாங்கிய சிம் 4ஜியை அறியாது, புதிது வாங்கியாக வேண்டும். அப்போதுதான் அந்த எண் யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வி எழும்புகிறது. இறந்துபோன கணவர் பெயரில், சென்னைக்குக் குடிபோன தம்பி பெயரில், எப்போதோ மூடிய கடைக்காரர் கொடுத்த யாரோ ஒருவரின் பெயரில் என்று வரும். அம்மா அந்த எண்ணில் பன்னிரண்டு வருடமாகப் பேசுகிறார், ஆனால் ஆதாரில் கைரேகை வைக்க வேண்டியவர் இல்லை. மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் ஒருவர் பெயரில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று பார்க்கலாம். கடைக்குப் போகும் முன் பார்த்துவிட்டால் ஒரு நடை மிச்சம்.

இரண்டாவது சிக்கல், போன் நம்பர்கள். பழைய கீபேட் போனில் பெயர்கள் பெரும்பாலும் சிம்மிலேயே பதிந்திருக்கும். பொதுவாக 250 வரை கொள்ளும். சிம் மாறினால் அத்தனையும் போச்சு. பால்காரர், டாக்டர், சம்பந்தி என்று அவர்களுக்கு எண் மனப்பாடம் கிடையாது, பெயரைத் தேடித்தான் கூப்பிடுவார்கள். முதலில் போன் நினைவகத்துக்கு நகலெடுங்கள், முடியாவிட்டால் ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். நோட்டு எப்படியும் உதவும்.

மூன்றாவதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சிம் மாற்றிய 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வரவும் வராது, போகவும் போகாது. சிம்மைத் திருடி வங்கிப் பணத்தைச் சுருட்டுவதைத் தடுக்க 2022இல் போட்ட கட்டுப்பாடு அது. நல்ல விதிதான். ஆனால் அன்றைக்கென்று பார்த்து கேஸ் சிலிண்டர் வந்து நின்றால் குறியீடு சொல்ல முடியாது, வங்கி ஓ.டி.பி. வராது. சிம் மாற்றிய பிறகு ஏழு நாள் வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்றவும் முடியாது, இது 2024 ஜூலையில் வந்த விதி. ஆக, நிறுவனத்தையும் மாற்ற எண்ணமிருந்தால் பழைய சிம்மிலிருந்தே நேராக மாறிவிடுவது புத்திசாலித்தனம். பழைய நிறுவனத்தில் 4ஜி சிம் வாங்கி, வீட்டில் சிக்னல் இல்லை என்று கண்டு, ஒரு வாரம் காத்திருந்து மறுபடி மாறுவது வீண் அலைச்சல்.

மோட்டாருக்குள் இருக்கும் சிம்

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கத்துத் தோட்டங்களில் மொபைல் ஸ்டார்ட்டர் இல்லாத கிணறு குறைந்துகொண்டே வருகிறது. மும்முனை மின்சாரம் இரவில் எப்போது வரும் என்று காத்திருந்து, டார்ச் எடுத்துக்கொண்டு, பாம்புக்குப் பயந்து வரப்பில் நடந்துபோய் மோட்டார் போட்ட காலத்தை அந்தச் சின்னப் பெட்டி முடித்துவைத்தது. உள்ளே ஒரு சிம். மின்சாரம் வந்ததும் அது உங்களுக்கு மிஸ்டு கால் கொடுக்கும். திருப்பிக் கூப்பிட்டால் தமிழில் பதிவுசெய்த குரல் பேசும், எண்ணை அழுத்தினால் மோட்டார் ஓடும். கிணற்றில் தண்ணீர் வற்றினால் தானே நிறுத்திக்கொண்டு தகவல் சொல்லும்.

பழைய பெட்டிகளில் இருப்பது 2ஜி மட்டுமே தெரிந்த சிப். சிம்800 என்ற வகை மிகப் பரவலானது. இதில் ஜியோ சிம் போட்டு, "சிக்னல் ஃபுல்லா இருக்கு, பெட்டி மட்டும் எடுக்கல" என்று மெக்கானிக்கைக் கூப்பிடுகிறவர்கள் நிறைய. சிக்னல் ஃபுல்லாக இருப்பது அவர் கையில் உள்ள போனுக்கு. பெட்டிக்குத் தெரிந்த மொழியில் அந்த டவர் பேசவே பேசாது.

இங்கே என் தேர்வு போனுக்குச் சொன்னதற்கு எதிர்மாறு. 2ஜி பெட்டி ஓடுகிற வரை ஓடட்டும். கிணற்று மேட்டில் எந்த நிறுவனத்தின் 2ஜி நன்றாக எடுக்கிறது என்று ஒரு பழைய கீபேட் போனில் மாற்றி மாற்றி சிம் போட்டுப் பார்த்து, அந்த சிம்மைப் பெட்டிக்குப் போடுங்கள். ஆன்டெனாவை மோட்டார் அறைக்குள் விடாமல் கூரைக்கு மேலே கொண்டுவந்தால் பல நேரம் அதுவே போதும். போனை மாற்றத் தவறினால் ஒரு அழைப்பு கிடைக்காமல் போகும். பெட்டியை அவசரமாக, தவறான மாடலில் மாற்றினால் நடவு நேரத்தில் தண்ணீர் இல்லாமல் போகும்.

பெட்டி செத்து, புதிது வாங்கியே ஆகவேண்டும் என்றால் 2ஜி பெட்டி எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். 4ஜி பெட்டியிலும் இரண்டு ரகம் உண்டு. சில, டேட்டா மட்டும் தெரிந்தவை. செயலி வழியாகத்தான் இயக்க முடியும், கீபேட் போனிலிருந்து கூப்பிட்டால் எடுக்காது. சில, வோல்டி அழைப்பையும் எடுக்கும். இன்னும் சிலவற்றில் 4ஜி கிடைக்காதபோது 2ஜிக்கு இறங்கும் வசதியும் இருக்கும். "போன் பண்ணா ஆன் ஆகுமா, ஆப்ல மட்டும்தானா? 4ஜி கிடைக்கலைன்னா 2ஜி எடுக்குமா?" இந்த இரண்டையும் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

இந்த மாதிரி ஊமைக் கருவிகளைப் பற்றி உலகமெங்கும் கடைசியில்தான் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் 2016 இறுதியில் 2ஜியை அணைத்ததும், சான் பிரான்சிஸ்கோ நகரப் பேருந்துகள் எப்போது வரும் என்று காட்டிய பலகைகள் தடுமாறிப்போயின. பேருந்துகளில் இருந்த கருவிகள் 2ஜியில் பேசிக்கொண்டிருந்தவை. தேதி பல வருடம் முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது என்பதுதான் வேடிக்கை.

எவ்வளவு நாள் இருக்கும்?

நாட்டுக்கு நாடு வரிசை வேறு. சிங்கப்பூர் 2017 ஏப்ரலில் 2ஜியை மூடியது, 2024இல் 3ஜியையும். அங்கே இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க 2ஜி கீபேடோடு விமானம் ஏறும் பெற்றோருக்கு சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் ஒரு கம்பிகூட வராது. அந்தப் பயணம் திட்டத்தில் இருந்தால் அதுவே மாற்றுவதற்குப் போதுமான காரணம். மலேசியா நம்மைப் போலவே 2ஜியை வைத்துக்கொண்டு 2021 இறுதியில் 3ஜியை மூடியது. பிரிட்டன் 2ஜிக்கு 2033 வரை அவகாசம் கொடுத்திருக்கிறது.

இந்தியாவில் 2ஜியையும் 3ஜியையும் மூட அரசு கொள்கை வகுக்க வேண்டும் என்று ஜியோ டிராயிடம் கேட்டது. 2ஜியே இல்லாத நிறுவனம் கேட்பதில் ஆச்சரியமில்லை. அரசு தேதி எதுவும் குறிக்கவில்லை. பி.எஸ்.என்.எல். தன் உள்நாட்டுத் தொழில்நுட்ப 4ஜியை நாடு முழுக்க 2025 செப்டம்பரில்தான் முறைப்படி தொடங்கியது, டவர்கள் பெருகும்போது அதன் 3ஜியும் கழியும். ஏர்டெலும் வோடபோன் ஐடியாவும் கடைசி 2ஜி வாடிக்கையாளரைத் தாமாக வெளியே தள்ளாது என்பது என் கணிப்பு. மெலிய விடும், அவ்வளவுதான்.

அதனால் அழைப்பு ஒழுங்காக வருகிற வீட்டில் இப்போதைய போன் சாகும் வரை காத்திருக்கலாம். அடுத்து வாங்கும்போது ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று இன்னொரு 2ஜி போனை மட்டும் வாங்கவேண்டாம், கடைகளில் அது இன்னும் கண்ணாடி அலமாரியின் முன்வரிசையில்தான் இருக்கிறது. அழைப்பு ஏற்கெனவே தடுமாறுகிற வீடாக இருந்தால் பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது வேலையை முடித்துவிடுங்கள். ஊருக்குப் போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலமே சிம் மாற்றினால் குறுஞ்செய்தித் தடை மறுநாள் நீங்கிவிடும், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே ஓ.டி.பி. வருகிறதா என்று பார்த்துவிடலாம். திரும்பும் முன் அவர்கள் தூங்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு அழைப்பு போட்டுப் பாருங்கள். அங்கே எடுக்கவில்லை என்றால், ஏழு நாள் கழித்து எந்த நிறுவனத்துக்கு மாற்றுவது என்று பக்கத்து வீட்டில் கேட்டு வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.